உப்புத்தண்ணீரா, உறைப்புரதமா?

எங்கள் நூற்பாலையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் இயந்திரக் கண்காட்சி பார்க்கிறேன் என்று இத்தாலிக்கும் சீனாவுக்கும் போவார்கள். திரும்பி வந்து, அங்கே ரொட்டி எவ்வளவு கல்லாக இருந்தது என்பதை ஆலை மலரில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோயம்புத்தூர்க்காரனான நான் போய்வந்த ஒரே வெளிநாடு ராயபுரம். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி பேச்சு, சாப்பாடு, காற்று, சாலையைக் கடக்கும் முறை எல்லாமே எனக்குப் புதிது.

போனதற்குக் காரணம் ஒரு பிறந்தநாள் பரிசு. என் மகள் யாழினி ராயபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கி, திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். மற்ற அப்பாக்கள் மகளுக்குச் சுடிதார் வாங்கி அனுப்புவார்கள். நான் முழு உடல் பரிசோதனை வாங்கி அனுப்பினேன். வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போவார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று வகைகள் இருந்ததில் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். நான் ஆலையில் நூலின் தரம் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். எவ்வளவு சோதிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம். அவள் அம்மா இறந்த பிறகு அந்தத் தத்துவத்தை வைத்துத்தான் அவளை வளர்த்தேன்.

பணம் கட்டியவன் நான் என்பதால் முடிவும் என் கைபேசிக்கே வந்தது. சர்க்கரை சரி. கொழுப்பு சரி. வைட்டமின் டி கொஞ்சம் குறைவு. கடைசிப் பக்கத்தில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் என்ற வரிக்கு நேராக 'ரியாக்டிவ்' என்று போட்டிருந்தது. அதாவது, இருக்கிறது. நான் மேலே போய்ப் பெயரைப் படித்தேன். வயதைப் படித்தேன். மறுபடியும் கீழே வந்தேன். வரி அங்கேயே இருந்தது. அடுத்த ரயிலில் ஏறிவிட்டேன். மகளிடம் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது?

இதையெல்லாம் அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். படித்துப் பார்த்து, நான் அழுததாக எழுதியிருந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டாள். ஒன்றை மட்டும் அவளுக்குத் தெரியாமல் திரும்பச் சேர்த்திருக்கிறேன்.

முதல் நாள் காலை சென்ட்ரலில் இறங்கி, நின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரரிடம், "ஏனுங்க, ராயபுரம் போகோணும், வர்றீங்களா?" என்றேன். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"என்னியா கூப்ட்ட? நான் கூட இன்ஸ்பெக்டர் யாரோ வந்துகினான்னு பாத்தேன். குந்து நைனா."

ராயபுரம் கிட்டத்தில்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிட்டத்தில்தான் இருந்தது, ஆனால் எங்களுக்கு முன்னால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று. அப்படியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை. எங்கள் ஊரில் லாரி நின்றால் ஓட்டுநர் இறங்கி என்னவென்று விசாரிப்பார். இங்கே ஓட்டுநர்கள் இறங்கி டீ குடித்து, பேப்பர் படித்து, ஒருவர் துணியே துவைத்துக் காயப்போட்டிருந்தார். ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, வந்த காரியம் என்ன என்று கேட்டார். மகளைப் பார்க்க என்றேன். உடம்பு கிடம்பு சரியில்லையா என்றார். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சந்துக்குள் திருப்பி, பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்ற ஒரு தெருவில் குடங்களுக்கு வலிக்காமல் ஓட்டிக்கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் மழை வந்தால் மட்டும்தான் வாசனை இருக்கும். ராயபுரத்தில் கருவாடு, டீசல், கடல், யாரோ தாளிக்கும் பூண்டு எல்லாம் தனித்தனியாக வந்து, ஒவ்வொன்றும் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது.

வீட்டுக்கார அம்மாள் பெயர் கஸ்தூரி. என் வயதுதான் இருக்கும். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, தெருமுனையில் விற்பவர். கணவர் விசைப்படகில் கடலுக்குள் போயிருந்தார். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து ஒரு பெரிய மீனின் தலையை எடுத்துக்கொண்டிருந்தார். என் பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"பாப்பா வேலைக்குப் பூட்ச்சி. சாய்ந்தரம்தான் வரும். நீ சொல்லாம கொள்ளாம வந்துகீற. மூஞ்சி வேற பேஜாரா கீது. இன்னா சார், லவ் மேட்டரா?"

அந்த நிமிடத்தில், என் மகள் யாரையாவது காதலித்து அதற்காக மட்டும் நான் ரயிலேறி வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பலன் உடனே தெரிந்தது. கஸ்தூரி மீனைக் கீழே வைத்துவிட்டு, பையன் யாராக இருந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், பெண் பிள்ளையின் மனதை உடைக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். கத்தி கையில் இருந்ததால் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மாலையில் யாழினி வந்தாள். என்னைப் பார்த்ததும் யார் செத்தார்கள் என்று கேட்டாள். நான் மாடிக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தி, கைபேசியை நீட்டினேன். அவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எட்டு மணி நேர ரயிலில் நான் ஒத்திகை பார்த்த எந்தக் காட்சியிலும் அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது இது. வேலை செய்யும் ஆய்வகம் வேறு. அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவ மையத்தில் எச்.ஐ.வி. தடுப்பூசிக்கான சோதனை ஒன்று நடந்தது. அதில் இவள் தானாகப் போய்ப் பெயர் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னிடம் சொன்னால் நான் நாலு நாள் சாப்பிட மாட்டேன் என்று சொல்லவில்லை. (அந்தச் சோதனை இப்போது முடிந்துவிட்டது. அதனால்தான் எழுத முடிகிறது.)

"அதுல கிருமியே கிடையாதுப்பா. கிருமியோட மேல்தோல்ல முள்ளு மாதிரி நீட்டிட்டு இருக்கற புரதம் மட்டும்தான். உறைப்புரதம். அதப் பாத்து உடம்பு எதிர்ப்பொருள் செய்யும். நீங்க வாங்கித் தந்த டெஸ்ட் எதிர்ப்பொருளத்தான் தேடுது. கிருமியத் தேடல. இருக்குன்னு காட்டாம என்ன செய்யும்?"

எனக்கு உள்ளே ஏதோ கட்டவிழ்ந்த மாதிரி இருந்தது. நூலில் இதே கதை நடக்கும். ஒரு கருவி அழுக்கு என்று காட்டும், போய்ப் பார்த்தால் விதைத் தூசியாக இருக்கும். கிருமியையே நேரடியாகத் தேடும் வேறொரு சோதனை உண்டாம். அதற்கு மறுநாள் அந்த மையத்துக்குப் போகலாம் என்றாள். கீழேயிருந்து கஸ்தூரி நெத்திலி வறுவல் கொடுத்தனுப்பினார். கடலை வரைபடத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். அன்று ஒரு தட்டு நெத்திலியைத் தலையோடு தின்றேன்.

மறுநாள் அந்த மையத்துக்குப் போனோம். உள்ளே அவளை மட்டும் விட்டார்கள். ஆலோசகர் ஒரு பெண். யாழினியை அழைக்க வாசலுக்கு வந்தவர், நான் எழுந்து கூடவே நடந்ததைப் பார்த்து, யார் என்று கேட்டார். அப்பா என்றேன். அப்பாவுக்கு வெளியில்தான் நாற்காலி போட்டிருக்கிறோம் என்றார். யாழினி உள்ளே திட்டு வாங்கினாள் என்று பிறகு தெரிந்தது. வேறெங்கும் இந்தச் சோதனை செய்துகொள்ளக் கூடாது என்று அவர்கள் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். ரத்தம் எடுக்க வந்த என் பிறந்தநாள் பரிசுக்காரன் கைபேசித் திரையில் கையெழுத்துக் கேட்டபோது, ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது என்று இவள் எதையும் படிக்காமல் கிறுக்கியிருக்கிறாள்.

ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வர நான்கைந்து நாள் ஆகுமாம். திரும்பும் வழியில் அத்தோ சாப்பிடலாம் என்றாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அது. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோசும் வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து, பொரித்த தட்டையை நொறுக்கித் தூவித் தருகிறார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். நின்றுகொண்டு, சட்டையில் சிந்திக்கொண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அந்தத் தெம்பில், "எப்படியோ கண்ணு, தடுப்பூசி போட்டது உறுதிதானே, அப்புறம் என்ன" என்றேன்.

அவள் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"பாதிப் பேருக்குத்தான்ப்பா மருந்து. மிச்சப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. அப்பத்தான ரெண்டையும் ஒப்பிட முடியும். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, ஊசி போட்ட நர்சுக்கும் தெரியாது."

தட்டையை மென்றுகொண்டிருந்த நான் நிறுத்தினேன். அவளுக்குப் போட்டது உப்புத்தண்ணீராக இருந்தால், அந்த எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது?

சில மாதங்களுக்கு முன் ஆய்வகத்தில், உயிருள்ள எச்.ஐ.வி. கிருமியை வைத்து வேலை செய்யும் பூட்டிய அறையில் இவள் உதவிக்குப் போயிருந்தபோது கையுறை கிழிந்திருக்கிறது. கையில் காயம் எதுவும் தெரியவில்லை. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி, பார்த்து, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். இவளும் மறந்துவிட்டாள். என் கைபேசியைப் பார்க்கும் வரை.

அப்புறம் நேற்று ஏன் சிரித்தாய் என்று கேட்டேன்.

"நீங்க அழுதுருவீங்கன்னு பயம். உங்களயும் சமாளிச்சு என்னையும் சமாளிக்க முடியாதுப்பா" என்றாள். சூப்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். அதனால் அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே வேலைதான் இருந்தது. பயப்படாதவனைப் போல நடமாடுவது. வேற்று நாட்டில் அது இன்னும் கடினம்.

அன்று இரவு கஸ்தூரி நண்டுக் குழம்பு வைத்து இருவரையும் கீழே கூப்பிட்டார். யாழினி நண்டின் காலைக் கடித்து உடைப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் பீதியாகவும் இருந்தது. நான் ஒரு காலைச் சுத்தியால் அடிப்பதுபோல டம்ளரால் அடித்தேன். அது பறந்துபோய்க் காலண்டரில் பட்டது. என்ன செய்வது, இந்த ஓடு மாதிரிதானே அந்தக் கிருமியின் உறையும், எதிர்ப்பொருளால் உடைக்க முடியாது என்கிறார்களே என்று யாழினியிடம் மெதுவாகச் சொன்னேன். இல்லை, ஓடு உடையும், அதன் உருவம் மாறாது, இந்த உறை சர்க்கரை பூசிக்கொண்டு அந்தப் பூச்சையும் மாற்றிக்கொண்டே இருக்கும் என்றாள். லாரியின் தார்ப்பாய் மாதிரியா என்றேன். அதுவும் இல்லை என்றாள். நூல்கண்டின் மேல் சுற்றிய காகிதம்? பேசாமல் சாப்பிடுங்கள் என்றாள்.

எங்கள் கிசுகிசுப்பைக் கஸ்தூரி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "அதுங்கிட்ட இன்னாத்துக்கு சார் மல்லு கட்டிகினு கீற? துன்ற நேரத்துல பேசாத. பையன் குடிகாரனா? இல்லல? அப்பால இன்னா?" என்றார். யாழினி என்னைப் பார்த்தாள். நான் நண்டைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவள் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். மதியம் திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து சாப்பிடலாம் என்றாள். ராயபுரத்தில் ஏறினால் ஏழெட்டு நிலையம்கூட இல்லை. தவறவிட வழியே இல்லாத பயணம். நான் கைபேசியில் எதிர்ப்பொருள் பற்றி ஒரு கட்டுரையைத் திறந்தேன். நிமிர்ந்தபோது பெட்டியில் கூட்டமே இல்லை. எதிரில் ஒருவர் கூடை நிறைய முருங்கைக்காயோடு உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூர் எப்போதுங்க வரும் என்று கேட்டேன்.

"அது போயி எவ்ளோ நேரம் ஆவுது. இது எண்ணூர். இன்னும் குந்தினியானா ஆந்திரா வந்துரும்" என்றார்.

குதித்து இறங்கினேன். மகளிடம் போனில் சொன்னேன். நீங்கள் அசையாதீர்கள், நானே வருகிறேன் என்றாள். வந்தவளுக்கு, இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. ஆட்டோ பிடித்துப் போனோம். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் ஆறு கடலில் கலக்கும் இடம். நடுவில் சாம்பல் நிறத் தண்ணீர். அதில் மார்பளவு நின்று கையாலேயே இறால் தேடுகிறவர்கள். எங்கள் நொய்யலும் சாயத்தால் நிறம் மாறிய ஆறுதான். அதனால் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

கரையில் ஒரு கணவனும் மனைவியும் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். தூண்டில் முள்ளே இல்லை. கயிற்றின் நுனியில் கோழிக்குடலைக் கட்டித் தண்ணீரில் விட்டிருந்தார்கள். கயிறு இழுபட்டதும் அவர் அவசரமில்லாமல் தூக்கினார். நண்டு குடலைக் கவ்விக்கொண்டே மேலே வந்தது. விட்டால் தப்பித்திருக்கும், விடவில்லை. மனைவி கீழே கைவலையைக் கொண்டுபோய் அள்ளினாள். "உடாது சார் அது. வாய்ல வச்சத உடாது. அதான் நம்ம பொழப்பு" என்று அவள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

யாழினி நெடுநேரம் கயிற்றையே பார்த்தாள். பிறகு, "உங்க தார்ப்பாய்க்கு இந்த நண்டு கொஞ்சம் பரவால்லப்பா" என்றாள்.

அந்தச் சாம்பல் கரையில் நின்றுதான் என் மகள் எதற்குச் சம்பளம் வாங்குகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நம் உடம்பின் காவல் செல்கள் சிலவற்றின் மேல் சிடி4 என்று ஒரு கைப்பிடி இருக்கிறது. கிருமியின் உறைப்புரதம் அதைப் பிடித்து, பிடித்ததும் தன்னை விரித்து, இன்னொரு பிடியையும் தேடிக்கொண்டு, செல்லோடு ஒட்டி உள்ளே போகிறது. டி செல்களில் இந்தக் கைப்பிடி நிறைய உண்டு. பெருவிழுங்கிகள் என்ற வேறுவகைக் காவல் செல்களில் குறைவு. இறுக்கமாக மூடியிருக்கும் உறைக்கு நிறையக் கைப்பிடி கிடைத்தால்தான் திறக்க முடியும். அதனால் அது டி செல்லோடு நின்றுவிடும். ஆனால் மூடியிருப்பதால் எதிர்ப்பொருளுக்குப் பிடி கிடைக்காது. சில உறைகள் தளர்வாக, பாதி திறந்தாற்போல் இருக்கும். கொஞ்சம் கைப்பிடி இருந்தாலே போதும், பெருவிழுங்கிக்குள்ளும் நுழைந்துவிடும். ஆனால் திறந்திருக்கிற இடத்தில் எதிர்ப்பொருள் வந்து பிடித்துக்கொள்ளும்.

கொடுக்கை மூடிக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கிற நண்டை யாரும் பிடிக்க முடியாது, அது தின்னவும் முடியாது. கொடுக்கைத் திறந்தது வகையாகச் சாப்பிடும், ஆனால் மாட்டும். பேராசைப்பட்டால் அப்படித்தான் என்றேன்.

"அதுக்கு ஆசையெல்லாம் கெடையாதுப்பா, மனசே இல்ல. எல்லா உறையும் இந்த விதிப்படியும் நடக்காது. நடந்திருந்தா எனக்கு எதுக்குச் சம்பளம்?"

அவள் செய்வது, பல நோயாளிகளின் கிருமிகளிலிருந்து உறைகளை மட்டும் எடுத்து, உள்ளே சரக்கில்லாத கிருமிகளுக்குப் போர்த்துவது. அவை ஒருமுறை செல்லுக்குள் நுழையும், பெருகாது. நுழைந்த செல் ஒளிரும். எந்த உறை எந்தச் செல்லுக்குள் போகிறது, எந்த எதிர்ப்பொருளைச் சேர்த்தால் வெளிச்சம் குறைகிறது என்று கருவியில் அளப்பாள். ஆக அவளும் என்னைப் போலத் தரப் பரிசோதனைப் பிரிவுதான். நான் பிசிறை அளக்கிறேன், அவள் வெளிச்சத்தை. இதைச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். ஊசியால் எதிர்ப்பொருள் வந்திருந்தால் அவளுக்கு இனி அந்தக் கிருமி வராதா? அப்படி நம்ப முடியாது என்றாள். உறையை அடையாளம் தெரிவது வேறு, தடுத்து நிறுத்துவது வேறு. பெரும்பாலான எதிர்ப்பொருள்கள் கிருமியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே விட்டுவிடும் வாயிற்காவலர்கள். நிறுத்தக்கூடியதை உடம்பைச் செய்யவைப்பதுதான் பாடு.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "கஸ்தூரியக்கா சொன்ன அந்தப் பையன் யாரு?" என்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் எண்ணூர்க் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நண்டு பிடிப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் நாள் சிரிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கக் கருவி தேவைப்படவில்லை.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போய்விட, சும்மா கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கஸ்தூரியோடு காசிமேட்டுக்குப் போனேன். அங்கே ஏலம் போகும் வேகத்தில் பருத்தி போனால் எங்கள் ஆலையை மதியத்தோடு மூடிவிடலாம். ஐஸ் தண்ணீரில் என் தோல்செருப்பு ஊறியது. சட்டையில் ஒரு சங்கரா மீன் வந்து மோதியது. எறிந்தவர், பெரியவரே, நகரு, மீன் பறக்குது என்றார்.

கஸ்தூரி ஏலத்துக்கு நடுவில் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தார். பாப்பாவோட நைனா, லவ் மேட்டரு, ஒத்துக்க மாட்டேன்னு கோயமுத்தூர்லேர்ந்து வந்துகீறாரு. உடனே மீன்கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஆலோசனைகள் வந்தன. ஒருத்தி தன் மகளின் கதையைச் சொன்னாள். ஐஸ் உடைப்பவர், பையன் எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டார். நான் திகைத்து நிமிர்ந்தேன். தூரத்தில் துறைமுகத்துப் பளுதூக்கி தெரிந்தது.

"கிரேன் ஓட்டறானுங்க. காட்டுப்பள்ளியில" என்றேன்.

"கிரேன் ஆப்பரேட்டரா? மெய்யாலுமா? அதுக்கா மொரண்டு பண்ணிகினு கீற? சோக்கான வேலையாச்சே" என்று கஸ்தூரி கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

கூட்டம் முழுவதும் பையன் பக்கம் சாய்ந்தது. நானும் என்னையறியாமல், பையனுக்குச் சிகரெட் பழக்கம் இல்லை, அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்றெல்லாம் அவனுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே அவனைப் பிடித்துவிட்டது. திரும்பும்போதுதான் கவனித்தேன், அவ்வளவு நேரமும் அந்தக் கடைசிப் பக்கம் என் நினைவில் வரவில்லை. கவனித்த உடனே வந்துவிட்டது. ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கஸ்தூரி கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு கூடவே நின்றார்.

அழைப்பு வந்த அன்று இருவரும் மையத்துக்கு நடந்தே போனோம். கதவருகே யாழினி என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, பிறகு அது என்னுடையது என்று உணர்ந்து திருப்பித் தந்தாள். அதே ஆலோசகர் கதவைத் திறந்தார். நான் தானாகவே வெளி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கைபேசி ஒலித்தது. ஒரு நம்பிக்கை, அவளாக இருக்குமோ என்று. பரிசோதனைக்கூடத்தின் விளம்பரம். உங்கள் அன்புக்குரியவருக்கு மீண்டும் ஒரு முழு உடல் பரிசோதனை, சிறப்புத் தள்ளுபடி. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நான் போனை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, போனைக் கொடு, நான் டைப் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாமுங்க என்று அந்தச் செயலியையே நீக்கினேன். விரல் இரண்டு முறை வேறெங்கோ பட்டது.

கதவு திறந்தது. யாழினி வந்தாள். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் எழுந்தேன். அவள் பிறந்ததிலிருந்து, என்ன ஆச்சு என்று நான் கேட்காமல் விட்ட நேரம் ஒன்றுகூடக் கிடையாது. மதிப்பெண், காய்ச்சல், பேருந்து, எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறேன். அன்று கேட்கவில்லை. அது அவளுடைய ரத்தம், அவளுக்கு வந்த பதில். அவளோடு சேர்ந்து நடந்தேன்.

தெருமுனைக்கு வந்தோம். ஒரு தண்ணீர் லாரி போனது. அது போய் முடியும் வரை காத்திருந்து, சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்பா, எனக்குப் போட்டது உப்புத்தண்ணி இல்ல."

சாலை நடுவில் நின்றுவிட்டேன். கிருமி இல்லை. எதிர்ப்பொருள் மட்டும் இருக்கிறது. உறைக்கு எதிராக மட்டும். யாருக்கு எது என்று மையத்தில் சொல்ல மாட்டார்களாம், சொல்லவும் கூடாதாம். அவளாகக் கணக்குப் போட்டுக்கொண்டாள். இந்த இடத்தில்தான் நான் அழுதேன். இரண்டு ஆட்டோக்களும் ஒரு மீன்பாடி வண்டியும் ஒலி எழுப்பின. ஒருவர் எட்டிப் பார்த்து, "யோவ் பெரிசு, அய்வுறதுன்னா ஓரமா போயி அய்வு" என்றார். நியாயமான பேச்சு. ஓரமாகப் போய் அழுதேன். யாழினி என்னைச் சமாளிக்கவில்லை, அவளும் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் கஸ்தூரி ஒரு சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவர் கண்ணும் சிவந்திருப்பதைப் பார்த்தார். என் கை மகளின் தோளில் இருப்பதையும் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னா சார், ஒத்துகினியா?"

அந்த ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வாயில் அதுவாகவே வந்தது.

"ஒத்துகினேனுங்க."

கஸ்தூரி தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். யாழினி மாடிப்படியில் ஓடி ஏறி மறைந்துகொண்டாள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று மதியம், வராத மாப்பிள்ளைக்கு என்று எடுத்துவைத்த சுறாப்புட்டையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.